கடதாசிக் கதவுக்கு இந்தப் பக்கம்

தம்பி,

கையெழுத்துப் போடுறதுக்கெண்டு நீ காலமை வைச்சிட்டுப் போன பேனையாலதான் இதை எழுதுறன். ஹம் நகரத்தில இருக்கிற என்ர வாடகை வீட்டை விடுறன் எண்டு வீட்டுக்காரனுக்கு நீ ரைப் பண்ணித் தந்த கடிதம், இந்தக் குள்ள மேசையில எனக்கு முன்னால கிடக்கு. திங்கக்கிழமைக்கிடையில அது அவன்ர கைக்குப் போகாட்டி இன்னுமொரு மாசம் இழுபடும் எண்டு சொன்னனீ. பத்து மணிக்கு வந்து பாயில இருந்தன். இப்ப பன்னிரண்டரை. கையெழுத்தும் போடேல்லை, இருந்த இடத்தால எழும்பவும் இல்லை. போடாதது மனம் வராததால. எழும்பாதது, தம்பி, ஏலாததால. இந்த ரண்டும் ஒரே கதை எண்டு உனக்கு வாயால சொல்ல எனக்குத் தெரியாது, அதுதான் எழுதுறன். நீ வாசிச்சாப் பிறகு என்ர மருமகள் தர்சினிக்கும் வாசிச்சுக் காட்டு. ஊன்ட்றொப் கோயிலில என்னைக் கண்டா, "அண்ணை, மகன் உங்களுக்கு ஜப்பான் அறை கட்டித் தந்திருக்கிறானாம், குடுத்து வைச்ச மனிசன்" எண்டு சொல்லுற ஆக்களுக்கும் குடு. எனக்கு வெக்கமில்லை. பொய், வெக்கம்தான். எண்டாலும் குடு.

முதல் ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். வடிவான அறை. வடிவில்லை எண்டு நான் சொன்னா என்ர நாக்கு அழுகிப் போகும். நீ படிக்கிற காலத்தில ஜப்பானில ஆறு மாசம் நிண்டிட்டு வந்து, "அப்பா, அங்கத்தை வீடுகள் மூச்சு விடுது" எண்டு சொன்னது ஞாபகம் இருக்கு. அப்ப நான் சிரிச்சனான். பிறகு ஹனோவருக்கு வெளியில இந்தப் பழைய வீட்டை வாங்கி, கீழ்த்தட்டில சுவருகளை இடிச்சு, தத்தாமிப் பாய் ஆறு விரிச்சு, சுவர் இருந்த இடத்தில மரச் சட்டமும் கடதாசியுமாக் கதவு வைச்சாய். காலமை வெளிச்சம் அந்தக் கடதாசியால வடிஞ்சு வரேக்க ஒரு சாமானுக்கும் முரட்டு நிழல் விழாது. பாயில பச்சைப் புல்லு மணம். படுக்கையைக் காலமை சுருட்டி அலுமாரிக்குள்ள வைச்சா அறையில ஒண்டுமே இல்லை, இந்த மேசை மட்டும்தான். வாசலில சப்பாத்துக் கழட்டிற இடத்துக்கு அவையள் ஒரு பேர் வைச்சிருக்கினம் எண்டு நீ சொல்லித் தந்தனீ. நாங்கள் பேர் வைக்காமலே காலங்காலமாக் கழட்டிக்கொண்டிருக்கிறம் எண்டு நான் பகிடி விட்டனான். எல்லாம் சரி. ஆனா இந்த அறையில ஒரு கதிரை இல்லை. ஒரு கட்டில் இல்லை. பூட்டித் திறக்க ஒரு திறப்பும் இல்லை.

பிழை உன்னிலை இல்லை. தர்சினி என்னைக் கேட்டவள். போன வருசம் எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்து, ஹம்மில மூண்டாம் மாடியில லிப்ற் இல்லாமல் அறுபத்திரண்டு படி ஏற ஏலாமல் நான் கிடந்த நேரம், நீங்கள் ரண்டு பேரும் வந்து கூப்பிட்டனீங்கள். "மாமா, நிலத்தில இருக்க உங்களுக்குக் கஷ்டமில்லையோ, ஒரு கட்டில் போடுவமோ?" எண்டு அந்தப் பிள்ளை வடிவாக் கேட்டது. நான் என்ன சொன்னனான்? "சீ, என்ன பிள்ளை, நாங்கள் நிலத்தில இருந்து சாப்பிட்டு, பாயில படுத்து வளந்த ஆக்கள். கட்டில் கதிரை எல்லாம் இஞ்ச வந்து பழகின சொகுசு." பச்சைப் பொய். ஊரில எங்கட வீட்டில ஆறு கதிரை போட்ட சாப்பாட்டு மேசை இருந்தது. நான் கட்டிலில பிறந்து கட்டிலில வளந்தவன். பாயில இருந்தது எண்டா ஆற்றையேன் கலியாணவீட்டுப் பந்தியிலதான், அதிலயும் நாரி நோகுதெண்டு முதலே எழும்பீடுவன். அப்ப ஏன் சொன்னன்? நான் அதைச் சொல்ல உன்ர முகம் மலந்துது. "பாத்தியே, அப்பாவுக்கு இது பழக்கம்" எண்டு நீ அவளைப் பாத்துச் சொன்னாய். உன்ர படிப்பும் என்ர பிறப்பும் ஒரு இடத்தில சந்திச்ச மாதிரி உனக்கொரு சந்தோசம். அதை உடைக்க எனக்கு மனம் வரேல்லை. ஒருத்தரைச் சந்தோசப்படுத்திறதுக்கெண்டு சொல்லுற பொய்யை ஒரு நாளைக்குச் சொன்னாப் போதாது, தம்பி. அதை ஒவ்வொரு நாளும் இருந்து காட்ட வேணும். நான் ஏழு மாசமா இருந்து காட்டுறன்.

இன்னும் பெரிய பகிடி என்னெண்டா இந்தக் கதவுகளைச் சட்டத்தில பொருத்திப் பூட்டினது நான். இந்த ஜேர்மனியில இருபத்தெட்டு வருசம் கட்டிடங்களுக்குக் கதவு பூட்டின மனிசன் நான். ஆசுப்பத்திரிக் கதவு, பள்ளிக்கூடக் கதவு, நெருப்புப் பிடிச்சாத் தானா மூடுற இரும்புக் கதவு, எல்லாம் இந்தக் கையால போனது. நீ தச்சனிட்டைச் சட்டத்தைச் செய்விச்சுக் கொண்டுவந்து, "அப்பா, நீங்கள் வந்து பாருங்கோ, உங்களுக்குத்தான் கை சரி" எண்டு கூப்பிட, நான் ஊண்டுதடியோட வந்து நிண்டனான். மேல் மரத்தில கதவு ஓடுற தவாளிப்பு ஆழம், கீழ் மரத்தில ஆழம் குறைவு. கதவை மேலுக்கு உயத்திச் செருகி, மெல்லமாக் கீழ இறக்கினால் சரி. கதவைத் தாங்கிற பிணைச்சல் இல்லை, ஆணி இல்லை, பூட்டு இல்லை. ஒரு விரலால தள்ள ஓடும். கீழ் மரம் ஒரு இடத்தில இறுகிச்சுது, நான் சீவுளியால ரண்டு இழை எடுத்து மெழுகு பூசிவிட்டன். அண்டைக்கு நாங்கள் ரண்டு பேரும் ஒண்டா வேலை செய்ததை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும். ஆனா எனக்கெண்டு இருந்த கடைசிச் சுவரையும் நானே இழைச்சுக் குடுத்திட்டன் எண்டு பிறகுதான் விளங்கிச்சுது. ஆப்பிழுத்த குரங்குக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல்லு பாப்பம்.

சுவருக்கும் காதிருக்கெண்டு சொல்லுறது. உன்ர வீட்டில சுவரே காதுதான். நான் வந்த மூண்டாம் நாள், அறையின்ர ஒரு கரையில, சுவருக்குள்ள தள்ளி, ஒரு சாண் உயரத் தட்டு வைச்சு நீ கட்டியிருந்த மாடத்தைப் பாத்து எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. பிள்ளை எனக்குச் சாமியறை கட்டித் தந்திருக்கு எண்டு நினைச்சன். கொம்மா செத்து மூண்டு வருசமாப் போச்சுது, அவளின்ர படத்துக்கு ஒரு நல்ல இடமில்லாமல் ஹம்மில தொலைக்காட்சிக்கு மேலதான் வைச்சிருந்தனான். அண்டைக்கே அம்மன் படத்தை நடுவில வைச்சு, பக்கத்தில கொம்மாவை வைச்சு, விளக்கு வைச்சு, மினுங்கிற லைற் மாலையும் கொளுவிப்போட்டு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினனான். நீ லைற் மாலையைப் பாத்திட்டு, "நல்லா இருக்கப்பா" எண்டனீ. பின்னேரம் கடதாசிக்கு அங்கால தர்சினி பாதி டொச்சு மொழியிலயும் பாதி தமிழிலயும் கதைச்சது கேட்டுது. அந்த மாடம் ஒரேயொரு படமும் ஒரேயொரு பூவும் வைச்சிட்டு மிச்சத்தை வெறுமையா விடுறதுக்காம், அதுதான் அந்த அறையின்ர உயிராம். "மாமாட்டை மெல்லமாச் சொல்லுங்கோவன்" எண்டாள். நீ, "விடும். அவருக்கு அது சாமியறை. நான் சொல்ல மாட்டன்" எண்டாய்.

தம்பி, அந்த நேரம் நான் உன்னை எவ்வளவு நேசிச்சன் எண்டு உனக்குத் தெரியாது. அதே நேரம் எனக்கு எவ்வளவு அந்தரம் எண்டும் தெரியாது. படத்தை எடுப்பம் எண்டா, நான் ஒட்டுக் கேட்டது உங்களுக்குத் தெரிஞ்சு போகும். வைச்சிருப்பம் எண்டா, ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தேக்க உன்ர அறையின்ர உயிரை எடுக்கிறன் எண்டு தோணுது. அண்டையில இருந்து அந்த லைற் மாலையை நான் பகலில நிப்பாட்டி வைச்சிட்டு, நீ வேலையால வாற நேரம் பாத்துப் போடுறன். நீ பொய் சொல்லுறாய் எண்டு எனக்குத் தெரியும், நான் பொய் சொல்லுறன் எண்டு உனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எங்கட வித்தியாசம்.

நீ கைக்குழந்தையா இருக்கேக்க எங்களை ஒரு அகதி முகாமில விட்டிருந்தவங்கள். ஒரு அறையில ரண்டு குடும்பம், நடுவில கம்பளிப் போர்வையைக் கயித்தில கட்டி மறைப்பு. அந்தப் பக்கம் ஒருத்தர் திரும்பிப் படுத்தாலும் இந்தப் பக்கம் கேக்கும். நானும் கொம்மாவும் சண்டை பிடிக்கிறதெண்டாலும் வெளியில பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ப் பிடிச்சிட்டு வருவம். கேட்டதைக் கேக்காத மாதிரி முகத்தை வைச்சிருக்க அங்கதான் பழகினனான். அதுக்குப் பிறகு ஹம்மில எங்களுக்கு வீடு கிடைச்ச அண்டைக்கு, கொம்மா சமையலறையைப் பாக்கேல்லை, யன்னலைப் பாக்கேல்லை. வாசல் கதவை உள்ளால பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். "இனி ஆரும் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்" எண்டாள். நான் கதவு பூட்டுற வேலைக்குப் போனதே அதைப் பாத்துத்தான். உனக்கு இந்தக் கடதாசி வெளிச்சம். எனக்கு அது கம்பளிப் போர்வை. இதில நீயும் சரி, நானும் சரி.

இனிச் சொல்லப் போறதுக்குத்தான் மூண்டு மணித்தியாலமா இழுத்துக்கொண்டு வாறன். உனக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில இருந்து உன்னைப் பற்றிக் கடிதம் வந்த கிழமை. நான் வேலையால வந்து உன்ர அறையைத் தட்ட, நீ பூட்டிப்போட்டு உள்ளுக்கு இருந்தாய், திறக்கேல்லை. "என்ர வீட்டில எனக்குப் பூட்டின கதவோ?" எண்டு கத்தினன். கொம்மா கையைப் பிடிச்சவள், உதறிப்போட்டன். நீ திறந்த உடன, கதவைப் பிணைச்சலால தூக்கிக் கழட்டி, தோளில வைச்சு, நிலக்கீழ் அறையில கொண்டுபோய் வைச்சன். ஒரு நிமிசம் எடுக்கேல்லை. என்ர தொழில் அது. மூண்டு மாசம் நீ கதவில்லாத அறையில இருந்தாய். கொம்மா தன்ர சீலை ஒண்டை வாசலுக்குக் கட்ட, அதையும் நான் கழட்டி எறிஞ்சன். ஒரு நாள் நான் நடையால போகேக்க, நீ அலுமாரிக் கதவைத் திறந்து வைச்சு, அதுக்குப் பின்னால ஒடுங்கி நிண்டு காற்சட்டை மாத்தினதைக் கண்டனான். கண்டும் காணாத மாதிரிப் போனன். அந்தக் கம்பளிப் போர்வைக்குள்ள கிடந்து வந்தவன் பெத்த பிள்ளைக்குச் செய்யிற வேலையோ அது? பிறகு கதவை நானே மேல கொண்டுவந்து திரும்பப் பூட்டிவிட்டன். ஒரு மன்னிப்பும் கேக்கேல்லை. ஆனா நீ வீட்டை விட்டுப் படிக்கப் போகும்வரைக்கும் அந்தக் கதவை ஒரு நாளும் சாத்தேல்லை. படுக்கேக்கயும் திறந்தபடிதான். அவன் திருந்தீட்டான் எண்டு நான் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான்.

நீ ஜப்பான் வீடு, சுவரில்லாத வீடு, பூட்டில்லாத வீடு எண்டு சொல்லேக்கயெல்லாம் எனக்குள்ள ஒண்டு குத்தும். கதவில்லாமல் இருக்கப் பிள்ளைக்கு நான் பழக்கின பழக்கம்தான் இப்ப இப்பிடி வடிவா வளந்து நிக்குதோ எண்டு. இல்லையெண்டு நீ சொல்லலாம். நீ சொன்னாலும் நான் நம்ப மாட்டன், ஏனெண்டா நீ "நல்லா இருக்கப்பா" எண்டு சொல்லுற பிள்ளை. மன்னிச்சுக்கொள் தம்பி. இருபது வருசம் பிந்திப் போச்சுது. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தா, எந்த நாட்டு மாதிரி வேணுமெண்டாலும் வீட்டைக் கட்டு, அந்தப் பிள்ளைக்குச் சாத்துறதுக்கு ஒரு கதவு குடு. அது அறைஞ்சு சாத்தினாலும் பேசாமல் இரு.

இன்னொண்டும் இருக்கு. பங்குனி மாசம் பாயில தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சுதெண்டு நான் சொன்னனான். மேசையை இழுத்து அந்தக் கறைக்கு மேல வைச்சிருக்கிறன், இப்பவும் அதுக்கு மேலதான் எழுதுறன். அது தேத்தண்ணி இல்லை. அண்டைக்கும் இண்டைக்கு மாதிரித்தான், முழங்கால் இறுகிப் பிடிச்சுக்கொண்டுது. பிடிச்செழும்ப ஒரு சாமான் இல்லை. மாடத்துக்குப் பக்கத்துத் தூண் மட்டும் ஊந்து போகப் பாத்தன், அரைவாசியில நிண்டிட்டன். கடதாசிக்கு அங்கால தர்சினி கொம்பியூட்டருக்கு முன்னால கூட்டத்தில இருந்தாள். அவளின்ர நிழல் எனக்குத் தெரிஞ்சுது. ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், வந்திருப்பாள். மாமன் மருமகளைக் கூப்பிட்டு, என்னைக் கக்கத்துக்குள்ள பிடிச்சுத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோ பிள்ளை எண்டு கேக்கிறதோ? அவளின்ர கூட்டத்தில இருக்கிற வெள்ளைக்காரர் எல்லாருக்கும் என்ர குரல் கேக்குமே? ரண்டு மணித்தியாலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். பிறகு நடந்தது நடந்து போச்சுது. கொட்டினது தேத்தண்ணி எண்டு காட்ட, மேசையில ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்து நானே மேல ஊத்தினன். பிறகு முழங்கால் கொஞ்சம் இளக, தூணைப் பிடிச்செழும்பித்தான் அவளைக் கூப்பிட்டனான். விழுந்தாலும் மீசையில மண் ஒட்டேல்லையாம். அந்தப் பிள்ளை முழங்காலில இருந்து, சோடாமாவைத் தூவித் தூவி அதைத் துடைச்சுது. "பரவாயில்லை மாமா, தேத்தண்ணி தானே" எண்டு சொல்லிச் சொல்லித் துடைச்சுது. நான் யன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

இதுக்குப் பிறகு எப்பிடித் தம்பி நான் கையெழுத்துப் போடுவன்? அங்க அறுபத்திரண்டு படி, இஞ்ச ஆறு பாய். இருதலைக்கொள்ளி எறும்பு மாதிரி நடுவில கிடக்கிறன். ஹம் வீட்டுத் திறப்பை இன்னும் காற்சட்டைப் பையுக்குள்ள வைச்சிருக்கிறன். அதை விட்டிட்டன் எண்டா எனக்கெண்டு பூட்டுற கதவு உலகத்தில ஒண்டும் இல்லை. ஆனா அங்க போகவும் எனக்கு விருப்பமில்லை. உங்கட சத்தம் எனக்கு வேணும். நீ வேலையால வந்து சப்பாத்துக் கழட்டுற சத்தம், அவள் சிரிக்கிற சத்தம், எல்லாம் வேணும். எனக்குக் கேட்டது போதும் எண்டு தோணேக்க சாத்துறதுக்கு ஒண்டு வேணும், அவ்வளவுதான்.

நடைப்பக்கம் இருக்கிற வாசலை நான் படுத்திருந்தே கண்ணால அளந்து, நேற்று நீ இல்லாத நேரம் மீற்றர் பிடிச்சும் பாத்தனான். எண்பத்தாறு சென்ரிமீற்றர் கதவு சொல்லி வைச்ச மாதிரிச் சரி வரும். பிணைச்சல் இடப்பக்கம். சாதாரண மரக் கதவு, சாதாரணப் பூட்டு. மற்றப் பக்கத்துக் கடதாசிக் கதவை அப்பிடியே விடு, அந்த வெளிச்சம் எனக்கும் பிடிக்கும். ஒரு கட்டில், கை வைச்ச கதிரை ஒண்டு. மாடத்தில கொம்மாவின்ர படத்தையும் ஒரு பூவையும் மட்டும் வைப்பம், அம்மனுக்குக் கட்டில் தலைமாட்டில ஒரு தட்டு அடிச்சுத் தா, லைற் மாலையும் அங்கயே போகட்டும். உன்ர அறையின்ர வடிவு கெட்டுப் போகும் எண்டு எனக்குத் தெரியும். ஒருக்கா உன்ர அறையைக் கெடுத்தவன் இண்டைக்குத் திரும்பவும் வந்து கெடுக்கிறன். உன்ர கதவைக் கழட்டினவன் உன்னட்டையே கதவு கேக்கிறன். நீ இல்லையெண்டு சொன்னாலும் அது நியாயம்தான். ஓமெண்டு சொன்னா, நீயும் நானுமா அதைப் பூட்டுவம், பூட்டின அண்டைக்கு நான் மற்றக் கடிதத்தில கையெழுத்துப் போடுறன். ஒரு மாசம் பிந்தினாப் பிந்தட்டும். திறப்பை உள்பக்கம் விடு. நான் அனேகமாத் திறந்துதான் வைச்சிருப்பன், ஆனாத் திறப்பு என்னட்டை இருக்க வேணும்.

இப்ப ஒண்டரையாகப் போகுது. நீ வர இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கு. காலமை குடிச்ச தேத்தண்ணி தன்ர வேலையைக் காட்டத் தொடங்கீட்டுது, முழங்கால் அசையுதில்லை. தர்சினியின்ர நிழல் கடதாசியில தெரியுது, காதில அந்தச் சாமானைக் கொளுவிக்கொண்டு ஆரோடயோ கதைக்கிறாள். அண்டைக்கு எனக்கு வாயில வராத வசனத்தை முதல் இதில எழுதிப் பாக்கிறன். "தர்சினி, பிள்ளை, கூட்டத்தை விட்டிட்டு ஒருக்கா வா அம்மா. மாமாவால எழும்ப ஏலாமக் கிடக்கு." எழுதிப்போட்டன். இனிப் பேனையை மூடி வைச்சிட்டு, இதைச் சத்தமாச் சொல்லப் போறன்.

அப்பா